பர்சோ சொன்னது

லோயிஸ் பொய் சொன்னாள். அதுவும் மண்ணுக்குள் போன தகப்பன் பேரைச் சொல்லிப் பொய் சொன்னாள். இருபத்தேழு வருஷமாக எபனேசர் மனசில் கிடந்தது இது ஒன்றுதான். லேத்தில் நிற்கிறவனுக்கு விரலில் இரும்புப் பிசிறு ஏறினால் எப்படி இருக்கும் என்று தெரியும். வெளியே பார்த்தால் ஒன்றும் இருக்காது. சோற்றில் கை வைத்தால் சுருக்கென்கும். அந்த வீட்டில் அவன் தின்ற ஒவ்வொரு வேளைச் சோறும் அப்படித்தான் இறங்கியது. அந்தச் சோற்றைப் பொங்கிப் போட்டதும் லோயிஸ்தான் என்பது வேறு விஷயம்.

லோயிஸ் அவன் பெண்டாட்டி ஆனியின் அக்காள். கல்யாணம் ஆகாதவள். அறுபத்தொன்று முடிந்துவிட்டது. ஹைதராபாத் சனத்நகரில் மாமனார் கட்டிய வீடு அது. மேல்மாடியில் ஆனியின் தம்பி பாபுவும் அவன் மனைவி உஷாவும் இரண்டு பெண்பிள்ளைகளும். கீழே ஒரு கூடம், சமையலறை, முன் ரூம், பின் ரூம். பின் ரூமில் எபனேசரும் ஆனியும். அவர்கள் மகன் இவான் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தே இருபத்தாறு வயசுக்கு வந்துவிட்டான். முன் ரூமில் லோயிஸ். அந்த முன் ரூம்தான் வில்லங்கமே.

முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தவள். மாத்திரை அட்டை பெல்ட்டில் ஓடி வரும். எதிலாவது ஒரு குழியில் மாத்திரை விழாமல் போயிருந்தால் அதைப் பிடித்துத் தூக்கிப் போட வேண்டும். கண்ணால் பார்த்துப் பிடிக்கிறவர்கள் மத்தியில் அவள் கட்டை விரலால் தடவிப் பிடிப்பாள். ரிட்டயர் ஆன பிறகும் விரல் ஓயவில்லை. சாப்பாட்டு மேஜை விளிம்பு, பிள்ளைகள் சட்டைப் பொத்தான், குக்கர் ரப்பர், எல்லாவற்றையும் ஒரு தடவு தடவித்தான் விடுவாள். பொத்தான் இல்லாத சட்டையோடு அந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போனதில்லை.

அம்மா போனபோது அவளுக்கு இருபத்தாறு. ஆனிக்குப் பதினைந்து, பாபுவுக்குப் பதினொன்று. அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு அம்மாவும் அவள்தான், வாட்ச்மேனும் அவள்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியக்காலை குழாயில் தண்ணீர் வரும். எழுந்து மோட்டார் போடுவது அவள். குளியலறை ஒன்றே ஒன்று. அதன் கதவில் யாருக்கு எத்தனை மணி என்று சாக்பீஸால் எழுதி வைத்திருப்பது அவள். எபனேசருக்கு ஐந்து ஐம்பதிலிருந்து ஆறு. பத்தே நிமிஷம். பதினோராவது நிமிஷம் கதவு தட்டப்படும். தட்டுவது இவானாக இருக்கும். அவனை எழுப்பி அனுப்புவது அவளாக இருக்கும்.

அவளுக்கும் ஒரு மாப்பிள்ளை வந்தது. நாகர்கோவில் பக்கம். நல்ல இடம். கல்யாணத்துக்கப்புறம் வேலையை விட்டுவிட வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்ல, காபித் தட்டோடு நின்ற லோயிஸ் சட்டென்று, "நக்கோ" என்றாள். வேண்டாம் என்பதற்கு சிகந்திராபாத் தமிழர் வீட்டில் அப்படித்தான் வாயில் வரும். நாகர்கோவில் அம்மாவுக்கு அது தெரியுமா? "என்னது, என்னைய நக்கச் சொல்லுதாளா?" என்று எழுந்தவர் காபியைக்கூடத் தொடவில்லை. பாபு இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். லோயிஸும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அதற்கப்புறம் வேறு மாப்பிள்ளை வரவில்லை என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

சரி, அந்தப் பொய்.

எபனேசர் நாசரேத்துப் பக்கத்துக்காரன். எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டு லேத் பழகியவன். ஆனியைக் கட்டி ஹைதராபாத்துக்கு வந்தபோது ஹிந்தியும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. வரும் வழியில் சென்னை ஸ்டேஷனில் ஹிந்தி கற்றுக்கொடுக்கும் சின்னப் புத்தகம் ஒன்று வாங்கி, ரயிலிலேயே பாதியை மனப்பாடம் செய்துவிட்டான். பாணி தண்ணீர். ரோட்டி ரொட்டி. பர்சோ முந்தாநாள்.

கல்யாணம் ஆன ஆறாவது மாதம் மாமனார் போய்ச் சேர்ந்தார். பேச்சு நின்று நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். திங்கள்கிழமை போதகர் வந்து வீட்டில் ஜெபம் பண்ணினார். ஆனி அப்போது இவானை வயிற்றில் வைத்திருந்தாள். வந்திருந்த ஒரு சித்தி, "பிள்ளைத்தாச்சி காத்தாட முன் ரூம்ல படுக்கட்டுமே" என்று பேச்சைக் கிளப்பினார்.

"அந்த ரூம் எனக்குன்னு அப்பா பர்சோ சொன்னாரு" என்றாள் லோயிஸ். "நான் இருக்கிற வரைக்கும் எனக்குன்னு."

எபனேசர் மனசுக்குள் விரல் விட்டு எண்ணினான். இன்றைக்குத் திங்கள். நேற்று ஞாயிறு. முந்தாநாள் சனி. சனிக்கிழமை மாமனார் பெட்டிக்குள் கிடந்தார்.

அவனுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ரூமுக்காக இல்லை. ரூமை அவன் கனவில்கூட நினைத்தது கிடையாது. மாமனார் அவனுக்குப் பாலாநகரில் வேலை பிடித்துக் கொடுத்து, சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் வாயில், மண் காய்வதற்குள் பொய்யைத் திணிக்கிறாளே என்றுதான்.

"செத்தவுக வாயில வார்த்தையைப் போடாதீய மதினி. பொய்ச்சாட்சி சொன்ன வாய் உருப்படாது" என்று போதகர் முன்னாலேயே கத்திவிட்டான்.

லோயிஸ் அவனை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து முன் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அன்றோடு அவர்களுக்குள் பேச்சு நின்றது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் காற்றைப் பார்த்துச் சொல்வார்கள். "யாராவது மோட்டாரை நிப்பாட்டுங்கப்பா" என்பான் இவன். "கேரியர் படிக்கட்டுல இருக்கு, போறவங்க எடுத்துக்கலாம்" என்பாள் அவள்.

அந்த வருஷ மழையில் முன் ரூம் கதவு உப்பி, உள்பக்கத் தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது. வீட்டில் குழாய், கீல், கதவு எல்லாம் பார்க்கிற ஆள் எபனேசர்தான். இது தெரிந்தும் அவன் போடவில்லை. அவள் கேட்கவும் இல்லை. வெளி ஆளைக் கூப்பிடவும் இல்லை. தினமும் படுக்கப் போகும்போது ஒரு மர முக்காலியை இழுத்துக் கதவுக்கு அண்டக் கொடுப்பாள். கர்ரென்று தரையில் அது இழுபடும் சத்தம் பின் ரூம்வரை கேட்கும். கேட்கட்டும் என்று புரண்டு படுப்பான் எபனேசர். இருபத்தேழு வருஷம் அந்தச் சத்தத்தில்தான் அவனுக்குத் தூக்கம் வந்தது.

இப்போது இவானுக்குக் கல்யாணம். இன்னும் மூன்று வாரம். பெண் ரோஸ்லின் கோயம்புத்தூர்க்காரி. இங்கே இவான் வேலை பார்க்கும் ஐ.டி. கம்பெனியில்தான் அவளும். வெளியே வீடு பார்க்கலாம் என்று இவான் இழுத்தான். எபனேசர் ஒத்துக்கொள்ளவில்லை.

"முன் ரூம் எதுக்குக் கிடக்கு? புதுசா வார பிள்ளைய கூடத்துலயா படுக்க வைப்ப? அந்த ரூமை ஒழிக்கச் சொல்லுதேன். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கப்புறம் எல்லாரையும் வச்சுக்கிட்டு நானே சொல்லுதேன்."

"பெரியம்மா எங்க போவாங்க டாடி?"

"பொய் சொல்லி வாங்குன ரூம்ல இவ்வளவு நாள் இருந்ததே போதும்."

ஆனி அடுப்படியில் நின்று இதைக் கேட்டாள். கையிலிருந்த கிண்ணத்தைக் கழுவினாள், மறுபடி கழுவினாள், மறுபடியும் கழுவினாள்.

ஞாயிற்றுக்கு முந்தின நாள், சனிக்கிழமை. லோயிஸ் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து எபனேசர் இவானையும் ரோஸ்லினையும் முன் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனான். இத்தனை வருஷத்தில் அவன் அந்த ரூமுக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். ஒரு கட்டில், ஒரு அலமாரி, மாமனார் போட்டோ, கதவோரம் முக்காலி. டேப்பை இழுத்து, சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டான்.

"ஆறுக்கு ஆறு கட்டில். இதுவரைக்கும் வரும். ஆசாரிக்கிட்ட பர்சோவே சொல்லியாச்சு, பய இன்னும் மரமே எடுக்கல."

ரோஸ்லின் டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தாள். "முந்தாநேத்துங்களா மாமா?"

"என்னம்மா?"

"இல்லீங்க, முந்தாநேத்து வியாழக்கிழமை. நீங்க ஊர்ல பத்திரிகை குடுத்துட்டு ரயில்ல வந்துட்டு இருந்தீங்க. ஆசாரிகிட்ட எப்படிச் சொன்னீங்க?"

"முந்தாநேத்துன்னு யாரு சொன்னா? நான் போன மாசமே சொல்லிட்டேனே."

"பர்சோன்னீங்களே?" அவள் சிரித்தாள். "பர்சோன்னா முந்தாநேத்துங்க மாமா. நான் ஹிந்திப் பரீட்சை எல்லாம் எழுதியிருக்கேன்."

இவான் விழுந்து விழுந்து சிரித்தான். "ரோஸ், உன் பரீட்சையெல்லாம் கோயம்புத்தூர்லயே விட்டுட்டு வா. இது ஹைதராபாத். இங்க போன வாரமும் பர்சோதான், பத்து வருஷம் முன்னாடியும் பர்சோதான், இனிமே வரப்போற நாளன்னிக்கும் பர்சோதான். பெரியம்மாவைக் கேளு, அவங்க பிறந்ததே பர்சோன்னுதான் சொல்வாங்க."

எபனேசர் சிரிக்கவில்லை. டேப்பை விட்டுவிட்டான். அது விர்ரென்று சுருண்டு ரோஸ்லின் கையில் அடித்தது. "ஐயோ மாமா!" என்றாள் அவள். அவன் காதில் அது விழவே இல்லை.

அடுப்படிக்குப் போனான். ஆனி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க அப்பா அந்த ரூமைப் பத்தி உங்க அக்காகிட்ட எப்ப சொன்னாவ?"

ஆனியின் கத்தி நின்றது. இந்தப் பேச்சு அந்த வீட்டில் எடுக்கவே கூடாத பேச்சு. "கைக்கு? இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"கேக்கதுக்குப் பதில் சொல்லு."

"அம்மா இறந்துபோன வருஷம். நானும் பாபுவும் பக்கத்துலதான் இருந்தோம்."

"உனக்குத் தெரியுமா? அப்ப என்கிட்ட ஏன் சொல்லல?"

"எங்க சொல்ல விட்டீங்க? அக்கா பேச்சை எடுத்தாலே ஊருக்குப் போயிருவேன்னு குதிச்சீங்க. நீங்க ரூமுக்கு அடி போடுறீங்கன்னு அக்கா நினைச்சா. நானும்தான் நினைச்சேன்."

"நான் எப்ப ரூமைக் கேட்டேன்?"

ஆனி கண்ணைத் துடைத்தாள், வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா பொல்லாரத்துல ஒரு முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டு விசாரிச்சாளாம். உஷா கேட்டிருக்கா. நீங்க ஞாயித்துக்கிழமை என்ன பேசப் போறீங்கன்னு அவளுக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க?"

சாயங்காலம் லோயிஸ் கூட்டம் முடிந்து வந்தாள். முன் ரூம் கதவு திறந்தே கிடந்தது. எபனேசர் கூடத்து நாற்காலியில் இருந்தபடி பார்த்தான். அவள் பையை வைத்தாள். சுவரைப் பார்த்தாள். பென்சில் கோட்டைக் கட்டை விரலால் மேலிருந்து கீழாக ஒரு தடவு தடவினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை வெளியே இழுத்தாள்.

இப்போதே எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்று அவன் கால் துடித்தது. எழ முடியவில்லை. என்னவென்று ஆரம்பிப்பது? மதினி என்ற சொல் நாக்கில் துருப்பிடித்துக் கிடந்தது. அது மட்டுமா? கத்தியது எல்லார் முன்னாலும். தனியாகப் போய்க் காதில் ஓதிவிட்டு வந்தால் அது என்ன நியாயம்?

ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பகாரா சோறு, கோழிக் குழம்பு. பாபுவின் பிள்ளைகள்கூடச் சத்தம் போடாமல் தின்றன. முன் ரூம் கட்டிலின் மேல் பெட்டி பூட்டித் தயாராக இருப்பது கூடத்திலிருந்தே தெரிந்தது. ரோஸ்லின் பாதிச் சோற்றைத் தட்டில் ஒதுக்கிவிட்டு இவானையே பார்த்துக்கொண்டிருந்தாள். லோயிஸ் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகத் தன் தட்டைப் போட்டுக்கொண்டாள்.

"சாப்பிட்டாச்சுன்னா பேசுறவங்க பேசலாம்" என்றாள் காற்றைப் பார்த்து. "எனக்கு மூணு மணிக்கு ஆட்டோ சொல்லியிருக்கு."

"அக்கா!" என்றான் பாபு.

எபனேசர் தட்டைத் தள்ளி வைத்தான்.

"மதினி."

கரண்டிகள் நின்றன. இவான் வாய் திறந்தபடி இருந்தான். அவன் பிறந்து வளர்ந்து இந்த வயசுவரை அப்பா வாயில் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை.

"மாமா இந்த ரூம் விஷயம் சொன்னது எப்ப?"

லோயிஸ் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தாள். "அம்மா இறந்துபோன வருஷம். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிச்சோம். நான் சுண்ணாம்புக் கையோட நின்னேன். 'நீ எங்க போகப் போற, இந்த ரூம் உனக்கு, நீ இருக்கிற வரைக்கும்'னாரு. நான் கேக்கல. அவராத்தான் சொன்னாரு."

"அன்னிக்குப் போதகர் முன்னால பர்சோன்னு சொன்னீய."

"ஹவ், ஆமா. பர்சோன்னுதான் சொன்னேன். வேற எப்படிச் சொல்வாங்க?"

"நான் முந்தாநாள்னு நினைச்சேன் மதினி. புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருந்துச்சு. எண்ணிப் பார்த்தேன். சனிக்கிழமை வந்துச்சு. சனிக்கிழமை மாமா பெட்டியில கிடந்தாவ."

ஒரு நிமிஷம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. முதலில் பாபுவுக்குப் புரிந்தது. "அடக் கடவுளே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். உஷா அவன் தொடையில் கிள்ளினாள். ஆனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

லோயிஸ் சிரிக்கவில்லை.

"இருபத்தேழு வருஷம்" என்றாள். "நீங்க ரூமுக்காகத்தான் பேசுறீங்கன்னு நினைச்சேன். ஆனி வயித்தோட நின்னா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன். கேக்காம என்னைப் பொய்க்காரின்னீங்க. அதுக்காகத்தான் பிடிச்சுக்கிட்டேன்."

"தப்பு என்னுது. போதகர் முன்னால சொன்னேன், அதனாலதான் இப்ப எல்லாரும் இருக்கப்ப சொல்லுதேன். நீங்க பொய் சொல்லல. நான்தான் புத்தி கெட்டுப் பேசிட்டேன்." நெற்றி வேர்வையைப் புறங்கையால் வழித்தான். "இன்னிக்கு ரூமை ஒழிங்கன்னு சொல்லத்தான் இருந்தேன். அந்தப் பேச்சை விட்டுட்டேன். ரூம் உங்களது. இவானுக்கு இப்ப ஒரு ரூம் வேண்டியிருக்கு. அதனால கேக்கேன். குடுத்தீயன்னா வாங்கிக்கிடுதோம். இல்லன்னா இல்ல."

எல்லாரும் லோயிஸ் முகத்தையே பார்த்தார்கள். அவள் கட்டை விரல் மேஜை விளிம்பில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஊர்ந்து போனது. திரும்பி வந்தது.

"நக்கோ" என்றாள்.

"அக்கா?" என்றாள் ஆனி.

"நக்கோன்னா நக்கோதான். அப்ப எனக்கு முப்பத்து நாலு. படிக்கட்டு அடியில படுக்கச் சொன்னாலும் படுத்திருப்பேன். இப்ப முட்டி ரெண்டும் வலிக்குது. கேட்டீங்க, சந்தோஷம். குடுக்க மாட்டேன்." ரோஸ்லின் பக்கம் திரும்பினாள். "உன் மேல கோபம் இல்லம்மா. கோழி நல்லா இருக்கா? அந்த லெக் பீஸைப் போட்டுக்கோ."

ரோஸ்லினுக்கு முகம் ஏனோ தெளிந்துவிட்டது. "இருக்கட்டுங்க பெரியம்மா. உங்களை எழுப்பி விட்டுட்டு அந்த ரூம்ல எனக்குத் தூக்கமே வந்திருக்காதுங்க" என்றாள். சொல்லிவிட்டு லெக் பீஸைப் போட்டுக்கொண்டாள்.

எபனேசர் இவானிடம், "ஏலே, பின் ரூம் எவ்வளவு அகலம்?" என்றான்.

"அது உங்க ரூம் டாடி."

"அகலம் எவ்வளவுன்னு கேட்டேன். ஆறுக்கு ஆறு நுழையாது. ஆசாரிக்குப் போனைப் போட்டு ஆறுக்கு அஞ்சுன்னு மாத்தச் சொல்லு. மரம் எடுக்காததும் நல்லதாப் போச்சு. நானும் உங்கம்மாவும் கூடத்துல படுத்துக்கிடுதோம்."

"எனக்குக் கூடத்துல ஃபேன் கீழ" என்றாள் ஆனி உடனே. பாபு மறுபடி சிரித்தான். இந்தத் தடவை உஷா கிள்ளவில்லை.

மூன்று மணிக்கு ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. பாபு வெளியே போய் அனுப்பிவிட்டு வந்தான். லோயிஸ் பெட்டியைத் திறந்து, சேலைகளை ஒவ்வொன்றாக விளிம்பு தடவிப் பார்த்து அலமாரியில் அடுக்கினாள். எபனேசர் கூடத்தில் டேப்பை வைத்துக்கொண்டு எதையோ அளப்பதுபோல் நின்றான். அளக்க அங்கே ஒன்றும் இல்லை.

"தம்பி."

தன்னைத்தானா என்று அவனுக்குச் சந்தேகம். திரும்பினான். லோயிஸ் முன் ரூம் வாசலில், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவின் உள்பக்கம், தோள் உயரத்தில் நாலு திருகாணி ஓட்டைகள். அவற்றை ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் தொட்டுக் காட்டினாள். காலால் முக்காலியை அந்தப் பக்கம் தள்ளினாள்.

"இங்க ஒரு தாழ்ப்பாள் இருந்துச்சு. உங்க கையால ஒண்ணு போட்டுக் குடுங்க. நல்ல கனமா."

எபனேசர் கிட்டே வந்து ஓட்டையில் விரல் வைத்துப் பார்த்தான். மரம் உளுத்திருந்தது. கட்டை வைத்து அடைத்துத்தான் திருகாணி ஏற்ற வேண்டும்.

"எப்ப வேணும் மதினி?"

"நாளைக்குப் போட்டுடுங்க" என்றாள் லோயிஸ். "பர்சோ நக்கோ."